கடைசி வெட்டுக்குக் காத்திருந்தவள்

காங்கேசன்துறைக்குப் பக்கத்துக் கரையொன்றில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போன வள்ளங்களில் ஒன்று வந்து சேராவிட்டால், வந்து சேர்ந்தவர்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். மீன் பழுதாகட்டும், வியாபாரி ஏசட்டும், கடைசி வள்ளம் மணலில் முட்டினால்தான் கரை கலையும். வள்ளக்காரர் கந்தப்புவின் மகள் நிவேதனா அந்தக் கரையில் வளர்ந்தவள். பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சி செய்யப் போனபோது அதையெல்லாம் கழுவிவிட்டுப் போனாள் என்றா நினைக்கிறீர்கள்? ஊறின உப்பு அவ்வளவு லேசில் போகுமா!

அவள் எடுத்துக்கொண்டது கலப்பிரிவின், அதாவது உடலின் செல் ஒன்று இரண்டாகப் பிரிவதன், கடைசிக் கட்டம். ஒரு கலம் இரண்டாகும்போது, குரோமோசோம் என்கிற நிறமூர்த்தங்கள் இரு பக்கமும் விலகிப் போகும். நடு இடுப்பு ஒடுங்கி, மெல்லிய பாலம் ஒன்று மிஞ்சும். அதை அறுத்தால் வேலை முடிந்தது. ஆனால் எப்போது அறுப்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது. பாலத்துக்குள் நிறமூர்த்த இழை ஏதும் சிக்கியிருந்தால், கைனேஸ் என்ற புரதம் நடுவில் நின்று 'பொறு' என்று தடுக்கும். அதுவும் தானாக நடுவுக்கு வராது. மோட்டார்ப் புரதம் ஒன்று கலத்துக்குள் தண்டவாளம்போல் ஓடும் நுண்குழாய்களின் மேல் நடந்து, அதைச் சுமந்து வந்து இறக்கவேண்டும். சுமப்பவர் வராவிட்டால் தடுப்பவரும் இல்லை. அவசரத்தில் இழை முறியும். இதெல்லாம் புத்தகத்தில் உள்ளதுதான். நிவேதனாவுக்கு அதைத் தன் கண்ணால் பார்த்தாகவேண்டும்.

கலங்களை உயிரோடு வைத்துப் பெருப்பித்துப் படம்பிடிக்கும் நுணுக்குக்காட்டி துறையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆளுக்கொரு முறை. அவளுடைய முறை முடிகிற பின்னேரம் பார்த்தால், எல்லாக் கலங்களும் பிரிந்துவிட்டன, ஒரேயொரு சோடியைத் தவிர. அதன் பாலத்துக்குள் இழை சிக்கி நின்றது. நிறுத்துகிற பொத்தானில் விரலை வைத்தாள். விரல் அழுத்தவில்லை. 'இன்னும் வரவில்லை. தொடவேண்டாம்' என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிட்டு, பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த முறை, அவளுக்கு மூத்த ஆராய்ச்சி மாணவன் கஜானனுடையது. துண்டைப் பார்த்தவன், நுணுக்குக்காட்டி பழுதுபோலும், திருத்துகிற ஆள்தான் இன்னும் வரவில்லையாக்கும் என்று திரும்பிப் போய்விட்டான். அன்றைக்கே பார்க்கவேண்டிய அவனுடைய கலங்கள் மறுநாள் பழுதாகிக் கிடந்தன.

பேராசிரியர் நமசிவாயத்துக்குக் கோபம் எப்போதுமே மூக்கின் மேல்.

"நீர் என்ன நினைச்சுக்கொண்டிருக்கிறீர்? உது சாகிற கலம். சாகிறதுக்குக் காவல் வைச்சு, மற்றவன்ரை வேலையையும் கெடுத்துப்போட்டீர்!"

"அது சாகேல்லை, சேர். பொறுத்து நிக்குது."

"அப்ப வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் முன்னாலை காட்டும். காட்டேலாட்டி உமக்கு இனி உந்த நுணுக்குக்காட்டி இல்லை."

அது இல்லையென்றால் அவளுக்கு ஆராய்ச்சியே இல்லை. கஜானனிடம் போய், "அண்ணை, பிழை என்னிலைதான்" என்றாள். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு "ம்" என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை, மகள் வரச்சொன்னதால், கந்தப்பு வெளுத்த வேட்டியோடு வந்து கடைசி வரிசையில் ஒதுங்கினார். நிவேதனா கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில், கஜானனுக்குப் பக்கத்தில் இருத்தினாள். இவர் என் அப்பா என்று எல்லாரும் பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

முதலில், முன்பு எடுத்த படமொன்றில், மருந்து கொடுத்து மோட்டார்ப் புரதத்தை மறித்த கலங்களைக் காட்டினாள். நடுவில் கைனேஸ் இல்லை. இழை சிக்கிய பாலங்கள் பொறுக்காமல் அறுந்தன, இழையும் முறிந்தது. பிறகு அந்தச் சோடி. பாலத்தின் நடுவில் கைனேஸ் பச்சையாக ஒளிர்ந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. பின்னால் யாரோ இருமினார்கள். மெல்ல மெல்ல, சிக்கிய இழை ஒரு பக்கமாகச் சுருங்கிப் போனது. பச்சை மங்கியது. பாலம் அறுந்தது.

"அறுந்தது சரி," என்றார் பேராசிரியர். "பிறகு உதுகள் செத்திருக்குமே?"

அவள் வாயைத் திறக்குமுன் கந்தப்பு கேட்டுவிட்டார். "பிள்ளை, ரெண்டும் சுகமாய் இருக்குதோ?"

இரண்டு பேர் சிரித்தார்கள். பேராசிரியர் சிரிக்கவில்லை, அவர் கேட்டதும் அதைத்தானே.

"ஓம் அப்பா. நிப்பாட்டாமல் விட்டதாலை அதுவும் படத்திலை கிடக்கு."

படம் தொடர்ந்து ஓடியது. இரண்டு கலங்களும் பரந்தன, வளர்ந்தன, பிறகு ஒவ்வொன்றாக உருண்டு திரண்டு, இடுப்பு ஒடுங்கி, நான்காயின. சாகிற கலம் பிள்ளை பெறுமா? அந்தக் கரையில் பிறந்ததற்காக நிவேதனா அன்றைக்குப் பட்ட பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒண்டு போதாது. இன்னும் கனக்கப் பார்க்கவேணும். முதல் கஜானன்ரை முறை. அதுக்குப் பிறகு நீர் நுணுக்குக்காட்டியை எடும். முடியுமட்டும் வைச்சிரும்."

கஜானன்தான் முதலில் கை தட்டினான்.

கந்தப்பு எழும்பிச் சால்வையை உதறித் தோளில் போட்டார். "எல்லாம் வந்திட்டுது தம்பி," என்றார் கஜானனிடம். "இனி வீட்டை போகலாம்."

ஒருவரும் எழும்பவில்லை. பேராசிரியர் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டார்.

"நிவேதனா, உதை முதல்லையிருந்து இன்னொருக்காப் போடும்."