தறியை ஓட்டச் சொன்ன நர்ஸம்மா

எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த நர்ஸம்மா முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போடுவார். கட்டையான உருவம், மெல்லிய குரல்.

தொண்ணூறுகளில் ஆரணியில் என் மகள் பிறந்த மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். குழந்தைக்குத் தொந்தரவு வேண்டாமென்று நாங்கள் பட்டுத்தறியை நிறுத்தியிருந்தோம். கணவரும் மாமியாரும் என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். குழந்தை மார்பில் வாய் வைப்பதும் வீறிடுவதுமாக இருந்தாள். மாமியார் கையில் பவுடர் பால் புட்டி தயாராக இருந்தது.

"தறிய ஏன் நிறுத்திட்டீங்க? வயித்துல கேட்டுகினு இருந்த சத்தம் இல்லாம புள்ளைக்கு பேஜாரா இருக்குது. ஓட்டுங்க" என்றார் நர்ஸம்மா.

கணவர் தறியில் போய் உட்கார்ந்தார். மாமியார் புட்டியை வைத்துவிட்டு அவருக்கு நூல் சுற்றப் போனார். நர்ஸம்மா குழந்தையை என் வயிற்றோடு ஒட்டித் திருப்பி அணைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவள் பால் விழுங்கும் சத்தம் கேட்டது.

"தறிச் சத்தம் அவ்ளோ புடிக்குமா இவளுக்கு?" என்று கேட்டேன்.

"அது யாருக்குத் தெரியும்?" என்று என் காதோடு சொன்னார். "ரெண்டு பேரும் உன்னையே பாத்துகினு உக்காந்திருந்தா பால் எப்படிம்மா எறங்கும்?"

பிறகுதான் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

இரண்டாவது பிள்ளை பிறந்தபோது அவர் வரவில்லை. வேறு ஊருக்கு மாறிவிட்டதாகச் சொன்னார்கள். பிள்ளை பசியில் சிணுங்கியதும், "போய் தறிய ஓட்டுடா" என்று மாமியாரே மகனை விரட்டிவிட்டு, தானும் நூல் சுற்றப் போய்விட்டார்.