வயிற்றுக் கொழுப்பும் இரண்டு கடைவாய்ப் பற்களும்

வளைகுடாவில் பதினெட்டு வருடம் மாடாக உழைத்து நான் சேர்த்ததில் தொப்பை மட்டும்தான் கரையாமல் இருந்தது. அதற்கும் ஒரு உபயோகம் வரும் என்று யார் நினைத்தார்கள்?

ஈறு நோய் முற்றி, கீழ்வாயில் இடதும் வலதுமாக இரண்டு கடைவாய்ப் பற்கள் ஆடத் தொடங்கியிருந்தன. பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிட்டது, பிடுங்கிவிடலாம் என்று இரணியலில் பல் மருத்துவர் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மருத்துவரிடம் போனேன். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண். வயிற்றுக் கொழுப்பிலிருந்து ஸ்டெம் செல்களைப் பிரித்து, வளர்த்து, ஈறுக்குள் வைத்தால் எலும்பு திரும்ப வளருமா என்பதுதான் ஆராய்ச்சி. ஒரு பக்கம் செல் வைப்பார்கள், மறுபக்கம் வழக்கமான சிகிச்சை மட்டும். ஈறைக் கீறித் தைப்பதை வேறொரு மருத்துவர் இரண்டு பக்கமும் ஒன்றுபோலச் செய்வார். எந்தப் பக்கம் என்பது ஒட்டிய கவரில் இருக்கும். அளந்து பார்க்கும் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பல் நிற்கும் என்று வாக்குத் தரமாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

வயிற்றின் இடப்பக்கம் மரக்கவைத்து, ஊசியால் கொஞ்சம் கொழுப்பை உறிஞ்சினார்கள். இடப்பக்கம் எடுத்ததை இடப்பக்கம்தானே வைப்பார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். பிறகென்ன, இரண்டையும் ஒன்றுபோலத் தேய்க்கச் சொல்லியிருந்தும் இடது பல்லுக்கு ராஜ உபசாரம், வலதுக்கு ஒப்புக்கு ஒரு தேய்ப்பு.

பல மாதம் கழித்துக் கடைசி எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு பக்கமும் எலும்பு ஏறியிருந்தது, இரண்டு பல்லும் ஆடவில்லை. இரண்டையும் ஒன்றுபோலத் தேய்த்தீர்களா என்று கேட்டார். தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை, உண்மையை உளறிவிட்டேன். அவர் திட்டவில்லை, பேனாவை எடுத்தார். உங்கள் இத்தனை வருட உழைப்பு வீணாகுமே, எழுத வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"எழுதாம விட்டா நான் கண்டுபிடிச்சது பொய்யாக்கும் அண்ணாச்சி."

எழுதி, என்னிடம் கையெழுத்தும் வாங்கிய பிறகே கவரைப் பிரித்தார். செல் வைத்தது வலப்பக்கம். நான் கைவிட்ட பக்கம்.

அப்படியானால் செல்தானே அந்தப் பல்லை நிறுத்தியது, ஜெயித்துவிட்டீர்கள் என்று நான் குதித்தேன். அவருக்கும் ஒரு நொடி கண் மின்னியது.

"இருக்கலாம். ஒங்க ஒரு வாயை வச்சுச் சொல்லப்பிடாது. எனக்கு இன்னும் தெரியாது."

ஆசைப்பட்ட பதில் கையிலிருக்கும்போது தெரியாது என்று சொன்ன ஒருவரை நான் அன்றுதான் பார்த்தேன். படியிறங்கும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.