பள்ளிவாசலில் திரும்ப வாங்கிய மாத்திரைகள்

காலை ஐந்தரை. கொல்லங்கோட்டில் மழை விட்டும் விடாமலும் தூறியது. காரை ஓட்டியவள் ஷாஹிதா, பள்ளிக்கூட நாளிலிருந்தே என் தோழி. கடைத்தெருவில் மளிகை விற்ற ராவுத்தர் வீட்டுப் பெண். பதினைந்து வருடம் ஆஸ்பத்திரியில் நெஞ்சு நோய் பார்த்தாள். இப்போது நுரையீரல் நோய்க்கான தொண்டு நிறுவனமொன்றின் மருத்துவ அறிவியல் தலைவி. எந்த மருந்துச் சோதனை தொடரும், எது நிற்கும் என்று கையெழுத்திடுபவள். போன வாரம், ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்துகொண்டிருந்த சோதனையை நிறுத்தினாள். பலனில்லை என்றது கணக்கு.

"லெட்டர் போட்டா போதாதா?" என்றேன்.

"மாத்திரையக் குடுத்தவ நான். பிடுங்கறதுக்கும் நானே போறேன்."

பொள்ளாச்சி, உடுமலை கடந்து, மறையூரில் பதினைந்து ரூபாய்க்குத் தேநீர். மூணாறு தாண்டி எட்டு கிலோமீட்டர் இறக்கம். பன்னிரண்டுக்குப் பள்ளிவாசல் எஸ்டேட், மூடுபனி தேயிலையை விழுங்குவதும் கக்குவதுமாக இருந்தது.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீட்டில் செல்லத்துரை சுவரில் சாய்ந்திருந்தார். காலமெல்லாம் தேயிலைத்தூள் சலித்தவர். சொல்லுக்கொரு மூச்சு.

"வாங்க டாக்டரம்மா. இந்த மாத்திரையில... மலையே ஏறிருவேன்."

"மலையாம்! கக்கூசுக்குப் போவ என் தோளு வேணும் இவுகளுக்கு" என்றாள் மனைவி தங்கம்.

மருந்து வேலை செய்யவில்லை, சோதனையை நிறுத்திவிட்டோம், மிச்சத்தைக் கொடுத்துவிடுங்கள் என்றாள் ஷாஹிதா. தங்கம் உள்ளே போய்ப் பால்மாவு டப்பாவை எடுத்துவந்து கவிழ்த்தாள். பாயெல்லாம் மஞ்சள் மாத்திரை.

"இவ்வளவா? மாசாமாசம் வெறும் அட்டையக் காட்டினீங்களே?"

"அட்டையக் காட்டுனாத்தானம்மா அடுத்தது தருவாக. பிதுக்கி டப்பாவுல போட்டுட்டு, மூணு நாளைக்கு ஒண்ணுன்னு குடுத்தேன். நல்ல மருந்துல்லா, தீந்துட்டா எங்க போவ? லயம் பூரா இப்படித்தான்."

ஷாஹிதா பாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பலனில்லை என்று அவள் நிறுத்திய மருந்தை யாரும் முழுதாகத் தின்றிருக்கவே இல்லை.

"அப்ப, முழுசா முழுங்கிருந்தா?" என்றார் செல்லத்துரை.

"தெரியலைங்க."

"இப்ப முழுங்கட்டா?"

"வேண்டாங்க. மருந்து உடம்பக் கெடுக்குதான்னு ரத்தம் சோதிச்சுப் பாக்க இனி ஆள் வரமாட்டாங்க. அது இல்லாம மாத்திரைய விட்டுட்டுப் போக முடியாது."

அவரே பொறுக்கி டப்பாவில் போட்டார். நடுவில் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

மூணாறில் சிக்னல் கிடைத்ததும் தலைமை அலுவலகத்தை அழைத்தாள். "என் முடிவு தப்பு. சோதனைய மறுபடி தொடங்கணும்."

"பணத்த வேற ஆய்வுக்கு ஒதுக்கியாச்சே மேடம். கையெழுத்து உங்களுதுதானே?"

மாலை ஐந்து மணிக்குச் சின்னாறு சோதனைச்சாவடி. காவலர் குனிந்து பார்த்தார்.

"டப்பால என்னம்மா?"

"மருந்து."

"யாருக்குச் சுகமில்ல?"

"மேல, பள்ளிவாசல்ல ஒருத்தருக்கு."

"பின்ன ஏன் கீழ கொண்டு போறீங்க?"

தடுப்புக் கம்பு உயர்ந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. ஷாஹிதா வண்டியை எடுக்கவில்லை.