முழங்கை நோவும் முந்நூறு இடியப்பமும்

நானும் கணவரும் மாங்குளத்தில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். விடியவே எழும்பி முந்நூறு இடியப்பம் பிழிவது என் வேலை. சில மாதங்களாக வலது முழங்கையில் ஒரே நோ. தேநீர்க் கோப்பையைக்கூடத் தூக்க முடியவில்லை. எண்ணெய் பூசி, துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பிழிந்தேன். நோ கூடியதுதான் மிச்சம். கடையை மூடவேண்டி வருமோ என்று பயந்து, வவுனியாவில் முறிவு நெரிவு பார்க்கும் வைத்தியர் ஒருவரிடம் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு பார்சல் இடியப்பமும் கொண்டுபோனேன்.

அவர் முழங்கையை மெதுவாக அழுத்திப் பார்த்தார். "எலும்பில பிழையில்லை. தசையைப் பிடிக்கிற நார்தான் நொந்திருக்கு. என்ன வேலை செய்யிறனீங்கள்?"

பதிலுக்குப் பார்சலை நீட்டினேன். ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டு, நெடுநேரம் மென்றார்.

"பிள்ளை, மாவை இவ்வளவு இறுக்கமாய்க் குழைச்சால் கை என்ன செய்யும்? கொதிதண்ணி கொஞ்சம் கூட விடுங்கோ. ரெண்டு கிழமை பிழியாதேங்கோ."

இழைகள் ஒட்டாமல் இருக்கட்டும் என்றுதான் அப்படிக் குழைத்து வந்தேன். அந்தப் பதினான்கு நாளும் கணவர் பிழிந்தார். இப்போது மாவை இளக்கமாகக் குழைக்கிறேன். நூறு பிழிந்ததும் கையை ஆறவிடுகிறேன். நோ போய்விட்டது.

"இடியப்பம் இறுகிப்போய்க் கிடக்கு" என்று கணவர் இரண்டு வருடமாகச் சொல்லிவந்தவர். நான்தான் ஒவ்வொரு முறையும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் சொன்னது சரியென்று இன்னும் வாயால் சொல்லவில்லை. இதை வாசித்து அறியட்டும்.