பலேர்மோவின் தூணும் பாரூக் வீட்டு வளை மரமும்

ஈஸ்டர் லீவுக்குப் பாரிசில் இருக்கும் எங்கள் ஆட்கள் லூர்து மாதாவிடம் போவார்கள். கையில் கொஞ்சம் காசு புழங்கினால் சுவிசுக்குப் போய் பனியில் நின்று படம் எடுப்பார்கள். நான் இந்த ஏப்ரலில் நாலு நாள் லீவு எடுத்துக்கொண்டு சிசிலித் தீவின் பலேர்மோ நகரத்துக்குப் போனேன். "அங்கை போய் என்ன செய்யப் போறியள்?" என்று மனைவி கேட்டாள். பழைய அரண்மனை, பழைய கோயில் என்றேன். அது பாதி உண்மை. மீதிப் பாதிக்குப் பெயர் பாரூக்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலிருந்து நாலாவது வீடு அவனுடையது. பத்து வருடம் ஒரே வகுப்பில் படித்தோம். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று துவக்கு வைத்திருந்த எங்கள் இயக்கத்தார் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். போய்விட்டார்கள். அடுத்த வருடம் குண்டுவீச்சு மோசமானபோது எங்கள் வளவில் பங்கர் வெட்டினோம். மேலே போட மரம் இல்லை. நானும் அப்பாவும் பாரூக் வீட்டுக் கூரையில் ஏறி, ஓடுகளை இறக்கிவிட்டு, முதிரை வளை மரங்களைக் கழற்றிக்கொண்டு வந்தோம். அந்த மரங்களின் கீழேதான் நாங்கள் ஆறு பேரும் உயிர் தப்பினோம். இதை அவனுக்கு என் வாயால் சொல்லி மன்னிப்புக் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பயணம்.

அவன் பலேர்மோவில் இருப்பதைக் கண்டுபிடித்தவள் என் சித்தியின் மகள் ஜெனிற்றா. பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் பொலிஸ் அலுவலக வரிசையில் நின்றபோது, பின்னால் நின்ற ஆளின் தமிழைக் கேட்டு ஊரை விசாரித்திருக்கிறாள். பிறகு போன் நம்பர் வாங்கி எனக்கு அனுப்பினாள். நான் அந்த நம்பருக்குப் போன் எடுப்பதற்கு மூன்று மாதம் பிடித்தது.

பாரிசிலிருந்து விமானம் இரண்டு மணி நாற்பது நிமிடம். பெட்டி இல்லாமல் போய்வர 74 யூரோ. விமான நிலையம் நகரத்திலிருந்து 35 கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. பஸ்ஸுக்கு ஆறரை யூரோ கொடுத்து ஐம்பது நிமிடம் கடலைப் பார்த்துக்கொண்டு வரலாம். ஜெனிற்றா இருப்பது பலேர்மோவின் சீசா என்ற பகுதியில், மூன்றாம் மாடியில். காலையில் இரண்டு சிஞ்ஞோராக்களின், அதாவது இத்தாலியச் சீமாட்டிகளின், வீடுகளைத் துப்பரவு செய்துவிட்டு வந்து எனக்கு இடியப்பம் அவித்துத் தந்தாள். அவளுடைய மகள் என்னோடு தமிழில் தொடங்கி இத்தாலியனில் முடித்தாள். எனக்குப் பாதிதான் விளங்கியது.

சீசா என்ற பெயரிலேயே அங்கே ஓர் அரண்மனை உண்டு. நுழைவு ஏழு யூரோ. இந்த நகரத்தின் கதையை அங்கே போனால்தான் சரியாகப் பிடிக்கலாம். சிசிலியை முதலில் முஸ்லிம்கள் பிடித்துத் தேவாலயத்தைப் பள்ளிவாசல் ஆக்கினார்கள். 1072இல் வடக்கேயிருந்து வந்த நோர்மன் கிறிஸ்தவப் படை நகரத்தை மாதக்கணக்காக முற்றுகையிட்டுப் பிடித்து, பள்ளிவாசலைத் திரும்பத் தேவாலயம் ஆக்கியது. வென்ற அரசர்களுக்கு அரபுக் கைவேலை பிடித்துப்போயிற்று. முஸ்லிம் வேலையாட்களை வைத்தே இந்த அரண்மனையைக் கட்டினார்கள். உள்ளே ஓர் அறிவிப்புப் பலகை இதையெல்லாம் மத நல்லிணக்கம் என்று புகழ்கிறது. அந்த வேலையாட்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறகு வெட்டப்பட்டதும், மிஞ்சினவர்களைக் கடல் கடந்து இத்தாலித் தரையில் ஒரே ஊருக்குள் கொண்டுபோய் அடைத்ததும் அந்தப் பலகையில் இல்லை.

கூட வந்த ஜெனிற்றா பலகையை வாசித்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணா, எங்கடை ஆக்களும் உப்பிடித்தானே கதைக்கிறவை. முஸ்லிம் சனமும் நாங்களும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தனாங்களெண்டு. அப்ப ஏன் அதுகள் போனதுகள் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை." எனக்கு அந்தக் குளிர்ந்த மண்டபத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை பத்தரைக்குப் பேராலயத்தின் தெற்கு வாசலுக்கு வரச் சொல்லியிருந்தான் பாரூக். சீசாவிலிருந்து நடந்தால் இருபத்தைந்து நிமிடம். தலை முழுக்க நரைத்திருந்தது. கட்டிப்பிடிக்கப் போனேன். அவன் கையை நீட்டினான்.

"எப்ப வந்தனீங்கள்? பிள்ளையள் எத்தினை?" என்றான். நீங்கள் என்றுதான் கேட்டான். துறைமுகத்தில் நாப்போலிக்குப் போகும் கப்பலின் அறைகளைக் கழுவுகிற வேலை தனக்கு என்றான். வாப்பா புத்தளம் அகதி முகாமிலேயே மௌத்தாகிவிட்டாராம்.

பிறகு அவனே வாசலின் இடது பக்கத் தூணைக் காட்டினான். அதன் மேற்பகுதியில் அரபு எழுத்து வெட்டப்பட்டிருந்தது. பழைய பள்ளிவாசலின் தூண் என்கிறார்கள். "குர்ஆன். ராவும் பகலும், சூரியனும் சந்திரனும் எல்லாம் அவன்ர கட்டளைக்கு அடங்கினது எண்டு கிடக்கு. வெள்ளைக்காரர் வந்து படமெடுக்கினம். ஆக்களைக் கலைச்சுப்போட்டுத் தூணை வைச்சிருக்கிறாங்கள்," என்றான். முஸ்லிம்களைத் தீவிலிருந்து அனுப்பிய பேரரசரின் கல்லறை அதே ஆலயத்துக்குள்தான் இருக்கிறது.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று நினைத்தேன். படியில் உட்கார்ந்து சொன்னேன். ஓடு, வளை மரம், பங்கர், ஆறு உயிர், எல்லாவற்றையும். அழுதுவிட்டேன். பக்கத்தில் ஐஸ்கிறீமோடு நின்ற பெண் தள்ளிப் போனாள்.

அவன் முழுவதையும் ஆறுதலாகக் கேட்டுவிட்டுச் சொன்னான். "சண்டை முடிஞ்ச பிறகு ஊருக்குப் போய்ப் பாத்தனான். சுவர் மட்டும் நிண்டது. ஆரோ கழட்டிக்கொண்டு போட்டாங்களெண்டு நினைச்சன். நீங்களா? பறவாயில்லை. மரந்தானே. நாங்கள் இருந்திருந்தா வாப்பாவே ஏறிக் கழட்டித் தந்திருப்பார்."

எனக்கு உடம்பு லேசாகியது. கையைப் பிடிக்கப் போனேன்.

"அது கிடக்கட்டும்," என்றான். "அண்டைக்கு நாங்கள் உங்கடை கேற்றடியாலைதான் நடந்து போனனாங்கள். உம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு வந்தவ. நீ யன்னலுக்கை நிண்டதைக் கண்டனான். ஏன்ரா வெளியிலை வரேல்லை?"

"பயம் மச்சான்," என்றேன்.

"ஓம்," என்றான். "கேட்ட ஆக்கள் எல்லாரும் பயமெண்டுதான் சொல்லினம்." மணியைப் பார்த்தான். பன்னிரண்டு மணிக்கு வேலை என்று சொல்லிவிட்டுத் துறைமுகப் பக்கம் நடந்தான். நான் கூடப் போகவில்லை. பிறகு இரண்டு தரம் போன் எடுத்தேன். அவன் பதில் எடுக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஏப்ரல் நல்ல மாதம், ஓகஸ்டில் வெயில் தாங்காது. பேராலயத்துக்குள் போகக் காசு இல்லை, கல்லறைகளைப் பார்க்கத்தான் ரிக்கெற். ஞாயிறு பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். நகர பஸ்ஸை நம்பவேண்டாம், நல்ல சப்பாத்தோடு நடவுங்கள். அந்தத் தூணின் எழுத்து உயரத்தில் இருக்கிறது, அண்ணாந்து தேடவேண்டும். எண்ணூறு வருடத்துக்கு மேலான இந்தக் கதையிலிருந்து ஏதாவது பாடம் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மனிதர் திருந்துவார்கள் என்ற நம்பிக்கையையும் அந்தப் படியிலேயே விட்டுவிட்டு வந்தேன்.

பாரூக் இந்தப் பக்கத்தை வாசிக்கமாட்டான். அவனுக்குச் சொல்லாததை அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். அன்றைக்கு யன்னலுக்குள் நின்ற எனக்குப் பயம் இருக்கவில்லை. போகச் சொன்னது எங்களை இல்லை என்ற நிம்மதிதான் இருந்தது.