நம்பர் இல்லாத மஞ்சள் வண்டி

எதிரே ஒரு வண்டி வந்தால் கங்கையம்மாள் முதலில் அதன் நம்பரைத்தான் பார்ப்பாள். உள்ளே இருப்பது யார், இறங்குவது யார் என்பதெல்லாம் பிறகு. உதடு லேசாக அசையும். அவ்வளவுதான், நம்பர் மனசுக்குள் போய் உட்கார்ந்துவிடும். மாடம்பாக்கம் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்தைக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அலுத்துப்போகும். எண்கள் மட்டும் ஒரு தரம் பார்த்தால் மறக்காது. "நேத்து கோயில் தெருவுல அம்பாசடர் நின்னுகினு இருந்துச்சே, யாருது அது?" என்று யாராவது கேட்டால் ஆளைச் சொல்லத் தெரியாது. நம்பரைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். நாலு பேர் நடுவில் வாய் திறக்க அவளுக்கு அவ்வளவு கூச்சம்.

அப்படிப்பட்டவளுக்கு, நம்பரே இல்லாத ஒரு வண்டியைத் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது.

அது 1984. கிழக்குத் தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில், மண்ணையும் நிலத்தடி நீரையும் ஆராயும் அரசு நிலையம் ஒன்று இருந்தது. அதன் பின்புறம் ஒரு தகர ஷெட். ஷெட்டுக்குள் மஞ்சள் வண்டி. ஆறு சக்கரம், ஒவ்வொன்றும் அவள் மார்பு உயரம். அடிப்பக்கம் படகு மாதிரித் தட்டையாக இருக்கும். மேலே கண்ணாடிப் பெட்டி போல ஓர் அறை. பின்னால், கோடு கோடாக அளவு வெட்டிய நீள இரும்புக் குழாய். பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கி, சேறு எத்தனை ஆழம், அதற்கு அடியில் என்ன என்று பார்ப்பதற்காக ஸ்ரீநிவாசராகவன் என்கிற விஞ்ஞானி, புது லாரியின் அடிச்சட்டமான சேசிஸ் ஒன்றை வாங்கி அதன் மேல் கட்டிய வண்டி. முந்தின வருஷக் கோடையில் ஒரே ஒரு தரம் போனது. புல்டோசர் கட்டி இழுத்து வந்தார்கள். அதற்குப் பிறகு ஷெட்டை விட்டு அசையவில்லை.

அதற்கு நம்பர் வராத கதையை டிரைவர் ஜெயவேலுதான் அவளுக்குச் சொன்னான். "லாரின்னா லாரி இல்ல. டிராக்டரான்னு கேட்டா அதுவும் இல்ல. படகுன்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல நம்பர் குடுக்க மாட்டான். இது இன்னா வகைன்னு கேட்டு மேலிடத்துக்கு எழுதினாங்கக்கா. அவன் இன்னா பதில் போட்டான் தெரியுமா? எந்த வண்டியப் பத்திக் கேக்கறீங்க, அதோட நம்பர் இன்னான்னு எழுதிட்டான்."

அடுத்த வருஷ மழையில் ரெக்கார்டு ரூமில் வெள்ளம் புகுந்து, சேசிஸ் வாங்கிய காகிதங்களும் போயின.

கங்கையம்மாளுக்குத் தினக்கூலி வேலை. 'மேற்படி வாகனம் ஷெட்டில் உள்ளவரை' என்று ஆர்டரில் ஒரு வரி இருந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் அதே வரியோடு புது ஆர்டர் வரும். ஜெயவேலு படித்துக் காட்டுவான். கணவனுக்குக் குரோம்பேட்டைத் தோல் ஷெட்டில் ஒரு மாதம் வேலை இருந்தால் ஒரு மாதம் இருக்காது. வீட்டில் தவறாமல் உலை கொதித்தது இந்த வண்டியால்தான்.

தினமும் துடைத்துத் துடைத்து, வண்டியின் ஒவ்வொரு திருகும் அவளுக்குப் பழகிப்போனது. குழாயின் நுனியில் காய்ந்திருந்த கறுப்புச் சேற்றை மட்டும் அவள் கழுவவில்லை. இது எத்தனை ஆழத்துச் சேறு என்று கேட்க ஆசை. ஸ்ரீநிவாசராகவன் ஷெட் பக்கம் வரும்போதெல்லாம் கேள்வி தொண்டை வரைக்கும் வரும். அவர் போன பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொள்வாள்.

முதல் வருஷ ஆயுத பூஜைக்கு ஜீப்புக்கும் வேனுக்கும் டிரைவர்கள் நம்பர் பலகையில் சந்தனம் குங்குமம் வைத்தார்கள். மஞ்சள் வண்டிக்கு எங்கே வைப்பது? கங்கையம்மாள் அதை மூன்று முறை சுற்றி வந்தாள். பிறகு குனிந்தாள். முன்புற வலது சக்கரத்துக்குப் பின்னால், இரும்புச் சட்டத்தில் நகத்தளவு எழுத்துகளும் எண்களும் ஒரே வரிசையில் பதிந்திருந்தன. அதுதான் இதற்கு நெற்றி என்று தோன்றியது. அங்கேயே பொட்டு வைத்தாள். அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் அங்கேயே. அடியில் கிரீஸ், அதன் மேல் தூசி, அதற்கு மேல் சந்தனம் என்று பதினோரு வருஷத்தில் அந்த இடம் அடையாகக் கெட்டித்துவிட்டது.

1995 மார்ச்சில் ஸ்ரீநிவாசராகவனுக்கு ஓய்வு. ஸ்டாக் ரிஜிஸ்டரில் வண்டி அவர் பெயரில் இருந்தது. இனி உதவாது என்று எழுதி அதைக் கண்டம் செய்து, ஏலத்தில் விட்டால்தான் அவர் பெயரை விடுவிப்பார்கள். கண்டம் செய்ய வேண்டுமானால் நம்பர் வேண்டும். பிப்ரவரி கடைசியில் ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து லாசரஸ் என்கிற பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார்.

"இன்னா சார் இது, சாமி தேரா?" என்றார், வண்டியைச் சுற்றி வந்துவிட்டு. "இப்ப பாரத்துல 'மத்தவை'ன்னு ஒரு கட்டம் கீது. அதுல போட்டு நம்பர் தர்றேன். சேசிஸ் நம்பரை மட்டும் காட்டுங்க."

ஜெயவேலு டார்ச்சோடு வண்டிக்கு அடியில் ஊர்ந்தான். "சார், பாம்பு சட்டை கீது இங்க."

"அதுல நம்பர் போட்டுகீதா பாரு."

கங்கையம்மாள் துடைப்பத்தோடு சுவரோரம் நின்றாள். ஜெயவேலுவின் கை வலப்பக்கச் சட்டத்தைத் தடவிக்கொண்டே போய், அந்த இடத்தின் மேலேயே நின்றது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "இங்க ஒரே பிசுக்கு சார்" என்று கையை லுங்கித் துணியில் துடைத்துவிட்டு அவன் மறுபக்கம் போய்விட்டான். மதியம் வரை தேடினார்கள்.

"வெள்ளிக்கிழமை இன்னொரு தரம் வர்றேன்" என்றார் லாசரஸ். "அப்பவும் இல்லன்னா, எங்கேருந்து வந்த வண்டின்னே தெரியலன்னு எழுதிட்டுப் போயிடுவேன் சார். அதுக்கு மேல உங்க பாடு."

ஸ்ரீநிவாசராகவன் சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி நின்றார்.

அந்த வாரம் முழுக்க அவள் ஷெட்டைப் பெருக்கிய இடத்தையே திரும்பத் திரும்பப் பெருக்கினாள். சொன்னால் வண்டி போகும். வண்டி போனால் அந்த ஒரு வரியும் போகும். சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவரை நிமிர்ந்து பார்க்கத்தான் முடியவில்லை.

வியாழக்கிழமை ஜெயவேலு ஒரு மரப்பெட்டியோடு வந்தான். தாம்பரம் லேத் பட்டறையில் வாங்கிய எண் அச்சுகள். சுத்தியலால் தட்டினால் இரும்பில் பதியும். ஸ்ரீநிவாசராகவன் பின்னால் வந்தார்.

"ஒரு பத்து எழுத்துதான சார். நாமளே அடிச்சுடலாம். லாசரஸ் சாருக்கு நம்பர்னா நம்பர்தான்."

"என்ன நம்பர்னு அடிப்பே?"

"எதுனா ஒண்ணு. உங்க பேத்தி பொறந்த தேதி கீதுல்ல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தார். ஜெயவேலு சட்டத்தில் நல்ல இடமாகப் பார்த்து ஓர் அச்சை நிறுத்தினான்.

"பொய் நம்பர் வேணாம் சார்."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதுக்குன்னு ஒரு நம்பர் கீது." கங்கையம்மாள் தரையைப் பார்த்தபடியே எண்களைச் சொன்னாள். "நாலு, ஒண்ணு, ஏழு, பூஜ்யம், பூஜ்யம், ரெண்டு, அஞ்சு, எட்டு. முன்னால இங்கிலீஷ் எழுத்து மூணு. அது எனக்குத் தெரியாது." பிறகு மண்ணெண்ணெய்த் துணியோடு போய் வலது சக்கரத்துக்குப் பின்னால் மண்டியிட்டாள். சந்தன அடை கெட்டியாக இருந்தது. தேய்க்கத் தேய்க்க மஞ்சளும் சிவப்பும் கறுப்புமாக வழிந்து, அடியிலிருந்து எழுத்துகள் வந்தன. ஸ்ரீநிவாசராகவன் குனிந்து ஒவ்வொன்றாகப் படித்தார். அவள் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அடப் போக்கா" என்றான் ஜெயவேலு. "அன்னைக்கு என் கை அது மேலயே பட்டுச்சு. சும்மாவா நின்னுகினு இருந்த?"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார் ஸ்ரீநிவாசராகவன்.

"தெரியும் சார்."

"ஏன் சொல்லலே?"

"வண்டி இருக்கறவரைக்கும்தான சார் எனக்கு வேலை. ஆர்டர்ல அப்டித்தான் போட்டுகீது."

அந்த ஆர்டரில் பதினோரு வருஷமாகக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அந்த வரியை அவர் அன்றுதான் கவனித்ததுபோல இருந்தது. ஜெயவேலு அச்சுகளைப் பெட்டியில் போட்டு மூடினான். இனிமேல் கேட்காவிட்டால் எப்போதும் கேட்கப்போவதில்லை என்று கங்கையம்மாளுக்குத் தோன்றியது.

"சார், அன்னிக்கு சேத்துல எறங்கினீங்களே. எவ்ளோ ஆழம்?"

அவர் முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது. "எட்டு இடத்துல குழாயை இறக்கினோம். அதிகபட்சம் இருபத்திரண்டு அடி. ஒன்பதாவது இடத்துல குழாய்க்கு முன்னாடி வண்டியே இறங்கிடுத்து."

"அடியில இன்னா இருந்துச்சு?"

"களிமண். அதுக்குள்ள சிப்பி. கடல் சிப்பி."

"அங்க கடலு இருந்துச்சா?"

"எப்பவோ இருந்திருக்கு. அதை எழுதி அனுப்பினேன். யாராவது படிச்சாளான்னு தெரியலே." குழாய் நுனியில் இருந்த சேற்றை விரலால் தட்டிப் பார்த்தார். "இதை நீ கழுவலையா?"

"கழுவல சார்."

மறுநாள் லாசரஸ் வந்து 'மத்தவை' என்ற கட்டத்தில் வண்டியை எழுதிக்கொண்டார். டி.என். 22 ஜி 61 என்று நம்பர் வந்தது. பதினெட்டு நாள் அந்த நம்பரோடு ஷெட்டில் நின்றது. பிறகு கண்டம், ஏலம். புதுப்பேட்டை ஆள் ஒருவர் எடுத்து, ஷெட் வாசலிலேயே கேஸ் வைத்து இரண்டே நாளில் வெட்டிக்கொண்டு போனார். கங்கையம்மாள் அந்த இரண்டு நாளும் வேலைக்கு வந்தாள். இரும்புத் துகளைப் பெருக்குவதற்கு.

ஓய்வு பெறும் நாளில் ஸ்ரீநிவாசராகவன் அவளைப் பெரிய கட்டிடத்து வேலைக்கு மாற்றச் சொல்லி ஒரு கடிதம் எழுதினார். அது மூன்று மேஜை தாண்டி, இடமில்லை என்ற ஒரு வரியோடு திரும்பியது. அதைச் சொல்ல அவரே ஸ்கூட்டரில் மாடம்பாக்கத்தில் அவள் வீட்டுக்கு வந்தார். கதவருகே நின்றே சொன்னார். "நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். அவள் காபி கொடுத்தாள்.

அது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. ஷெட் இருந்த இடத்தில் இப்போது சிமெண்டுத் தரை மட்டும் இருக்கிறது. வண்டியின் எஞ்சின் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு கிணற்றில் தண்ணீர் இறைக்கிறது என்று ஜெயவேலு சொல்கிறான். சக்கரங்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. கங்கையம்மாள் பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதியில் பெருக்கித் துடைக்கும் வேலை பார்க்கிறாள். ஆர்டர் என்று ஒன்றும் இல்லை; வரச் சொல்கிறார்கள், போகிறாள்.