நீல உறை

நான் ஆசிரியராக இருக்கும் பாலிடெக்னிக்கின் பட்டறையில் ஒரு நீல பிளாஸ்டிக் உறை இருந்தது. கணினிக் கட்டளையில் ஓடும் சிஎன்சி கடைசல் எந்திரத்தோடு வந்தது. ஆய்வுக் குழு வரும் நாளில் ஓட்டிக் காட்டவும் ஆயுத பூஜையன்று பொட்டு வைக்கவும்தான் அதைக் கழற்றுவோம். வருடாவருடம் பொட்டு வைத்த இடத்தில் மட்டும் எந்திரத்தின் பெயின்ட் கொஞ்சம் மங்கியிருந்தது; வேறெங்கும் தேய்வதற்கு நாங்கள் வாய்ப்பே கொடுக்கவில்லை.

அந்த உறைக்கு முடிவு கட்டியவர், நாங்கள் அம்மா என்றே கூப்பிட்ட எங்கள் துறைத்தலைவர். சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டுத் திருமயத்துக்குத் திரும்பியவர். என்னைவிட வயதில் சின்னவர். அவர் பொறுப்பேற்றபோது எங்கள் கழுத்தில் கத்தி தொங்கிக்கொண்டிருந்தது. நேர்காணலுக்கு வந்த கம்பெனிகளெல்லாம் எங்கள் மெக்கானிக்கல் பிள்ளைகளை வேண்டாமென்று போய்க்கொண்டிருந்தன. இந்த முறையும் யாருக்கும் வேலை கிடைக்காவிட்டால் துறையையே மூடிவிடுவோம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பிள்ளைகளோடு சேர்ந்து நானும் தெருவுக்கு வரவேண்டியதுதான். பயமாக இருந்தது.

எல்லாவற்றுக்கும் சிலபஸ்தான் காரணம் என்று நாங்கள் அடித்துப் பேசினோம். அம்மா வாதாடவில்லை. ஜெர்மனி, சிங்கப்பூர், கனடா பாடத்திட்டங்களை அச்செடுத்து வந்து, பட்டறை மேசையில் நம்முடையதோடு பரப்பினார். ஒரு சனிக்கிழமை முழுக்க இருவரும் உட்கார்ந்து ஒப்பிட்டோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், பாடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கணக்கில் நம்முடையதுதான் கனம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் அம்மா மதிப்பெண் பக்கங்களைப் புரட்டினார். அங்கே பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வதற்கென்றே தனி மதிப்பெண் இருந்தது. நம்மிடம் அந்த இடத்தில் ரெக்கார்டு நோட்டு இருந்தது.

"நம்ம புள்ளைங்க மெஷின் ஓடித்தான் பாத்திருக்காங்க சார். நின்னுபோயி பாத்ததே இல்ல" என்றார்.

"கெட்டுப்போச்சுன்னா ஆடிட்ல யாருங்க பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேங்க. மொதல்ல அந்தக் கவரக் கழட்டி அங்கிட்டுப் போடுங்க."

அதன்பின் வாரம் ஒரு பழுதை அவரே உண்டாக்கி வைப்பார். ஒயரைத் தளர்த்துவார், எண்ணெய்க் குழாயை அடைப்பார், எதுவும் தெரியாதவர்போல் நிற்பார். குளத்தூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி ஒருநாள் அவர் உதவியில்லாமலேயே எந்திரத்தைக் கெடுத்தாள். அவள் கொடுத்த கட்டளையில் ஓர் எண் பிசகி, வெட்டும் உளி போய் மோதி உடைந்தது. அந்தப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள்.

"அழுது முடிச்சிட்டு ஸ்பானர எடுத்துட்டு வாங்க" என்றார் அம்மா. பொறுமையாகத்தான் சொன்னார். அந்தப் பொறுமையை நான் இன்றும் மதிக்கிறேன்.

நேர்காணல் வந்தது. கம்பெனிக்காரர்கள் நின்றுபோன எந்திரம் ஒன்றைக் காட்டினார்கள். மற்றக் கல்லூரிப் பிள்ளைகள், யாராவது வந்து ஓட்டிக் கொடுப்பார்கள் என்று கைகட்டி நின்றார்கள். எங்கள் குளத்தூர்ப் பெண் மின்சாரத்தை அணைத்துவிட்டு மூடியைத் திறந்தாள். அவளோடு இன்னும் சிலருக்கு வேலை கிடைத்தது. துறை பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

அம்மா இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறார். அவர் நாற்காலியில் நான். போன மாதம் எங்கள் பட்டறைக்கு ரோபோ கை ஒன்று வந்தது. அதைப் பொருத்திக் கொடுத்தவர் கிளம்பும்போது ஓர் உறையை நீட்டினார். அதுவும் நீலம்தான்.

"பத்திரமா வச்சுக்கங்க சார், தூசி படாது."

நான் அதை நன்றாக மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன்.

"நீங்களே கொண்டுட்டுப் போயிருங்க தம்பி. இங்கிட்டு இதுக்கு வேலை இல்ல."